புண் சுமந்த பொன்மேனியை வரைவது எப்படி

என் அண்ணன் மகனுக்குப் பத்து வயது. கோடு போடாத தடித்த நோட்டு ஒன்றில் காமிக்ஸ் வரைகிறான். அதற்கு அவனிடம் ஒரு முறை உண்டு. எந்த நாயகனையும் நேரே கதைக்குள் இறக்கிவிட மாட்டான். முதலில் ஒரு பக்கம் முழுக்க நாயகனின் உருவம். அதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடிழுத்த சிறு அட்டவணை: பெயர், பலம், ஆயுதம், துணை, எதிரி, பலவீனம். ஆறும் நிரம்பிய பிறகுதான் அடுத்த பக்கத்தில் கதை தொடங்கும். சென்ற விடுமுறையில் அந்த நோட்டுக்குள் முருகன் வந்து சேர்ந்தார். மார்பு இரண்டு பாறைகளாகப் பிளந்திருந்தது. வயிற்றில் வரிசையாகத் தசை மேடுகள். தோளிலிருந்து சிவப்பு மேலங்கி காற்றில் பறந்தது. மார்பின் நடுவே ஒரு முக்கோணச் சின்னம், அதற்குள் 6 என்ற எண். வேலின் நுனியிலிருந்து மின்னல் கிளம்பியது. துணைக்கு வீரபாகு, எதிரிக்குச் சூரபத்மன் என்று எழுதியாகிவிட்டது. கடைசிக் கட்டம் மட்டும் காலி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அத்தை, முருகனுடைய பலவீனம் என்ன?"

"சாமிக்கு ஏது பலவீனம்?" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அவன்தான் சற்று நேரம் நின்று யோசித்தான். பிறகு, "அப்படியென்றால் கதையே இல்லையே" என்று சொல்லி நோட்டை மூடிவிட்டான்.

அந்த ஒரு வாக்கியம் பல நாட்கள் என்னை விடவில்லை. அவன் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் உறுத்தல். எல்லாம் வல்லவர், எதுவும் தைக்காதவர், தோற்கவே மாட்டார் என்றால் இரண்டாம் பக்கத்தில் என்னதான் வரைவது? ஆனால் முருகனுக்குக் கதை இல்லாமலா போயிற்று? கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கந்தபுராணம் பாடியிருக்கிறார். அதைக் கேட்க உட்கார்ந்தவர்கள் யாரும் நாயகனுக்குப் பலவீனம் இல்லையே, கதை எப்படி நிற்கும் என்று எழுந்து போகவில்லை. அப்படியானால் அந்தக் கதை எதன்மேல் நிற்கிறது? தெய்வங்களைச் சூப்பர் ஹீரோக்களாக வரையலாமா என்று கேட்டால் முன்பு நான் சட்டென்று ஒரு பதில் சொல்லியிருப்பேன். இந்தப் பையன் காலியாக விட்ட ஒரு கட்டத்தால் அந்தப் பதில் குலைந்துபோயிற்று.

உடையும் உடம்பும்

என் அம்மாவுக்கு அந்தப் படத்தில் வேறு குறை. சாமிக்கு இப்படி இறுக்கமான உடுப்பைப் போடலாமா என்று கேட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாம் முருகன் என்று மனத்தில் கொண்டுவரும் அந்தச் சிரித்த முகம் எங்கிருந்து வந்தது? நாடக மேடையின் திரைச்சீலைகளிலிருந்தும் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த காலண்டர் படங்களிலிருந்தும் வந்தது. அதற்கும் முன்னால் ரவிவர்மா 1894-இல் அச்சகம் நிறுவி, பட்டுப்புடவை கட்டிய லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுச் சுவர்களுக்கு அனுப்பினார். தோல்பாவைக் கூத்தில் ராமனுக்கு ஒரு உடை, தெருக்கூத்தில் அர்ஜுனனுக்கு ஒரு கிரீடம். ஒவ்வொரு காலமும் தனக்குக் கிடைத்த துணியைத்தான் தெய்வத்துக்கு உடுத்தியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த துணி மேலங்கி. அதைப் பிடுங்குவதற்கு நான் யார்?

என்னை நிறுத்தியது உடம்பு. காமிக்ஸ் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. உடலின் உயரத்தைத் தலையால் அளக்க வேண்டும். சாதாரண மனிதன் ஏழரைத் தலை உயரம் என்றால் சூப்பர் ஹீரோவை எட்டே முக்கால் தலை வரைக்கும் நீட்டுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் நம் சிற்பிகளும் இதையே செய்தார்கள். அவர்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்துக்கொண்டு அளந்தார்கள். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம்: 124 அங்குலம். அந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறுகிற அலகு. ஆக, தெய்வம் மனிதனைவிட நெடியது என்று காட்ட இரண்டு கலைகளும் ஏறக்குறைய ஒரே கணக்கைப் போட்டிருக்கின்றன. பிரிவது அதற்குப் பிறகுதான். சூப்பர் ஹீரோவின் உடல், சர்க்கஸில் எடை தூக்கும் பலசாலியின் உடல். காற்சட்டையும் இறுக்கமான உடுப்பும்கூட அங்கிருந்து வந்தவைதான். ஒவ்வொரு தசையும் தனித்தனியே பெயர் சொல்லி நிற்க வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனியில் ஒரு தசைகூடத் தெரியாது. தோள் யானையின் துதிக்கை போல வழியும், இடை உடுக்கை போல ஒடுங்கும், தோலுக்கு அடியில் மூச்சு நிறைந்திருப்பது போல உடல் மெல்லப் பூரித்திருக்கும். அத்தனை பெரிய அசுரர்களைக் கொன்றவரின் கை அப்படியா இருக்கும் என்று அந்தச் சிற்பிக்குத் தோன்றவே இல்லை. வலிமை தசையில் இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தால் செதுக்கியிருப்பார். குதிரை வீரனின் தொடையையும் யாளியின் நரம்பையும் செதுக்கத் தெரிந்த கைகள் அவை.

கடன் வாங்கிய தெய்வங்கள்

மேற்கில் இந்தக் கொடுக்கல் வாங்கல் காமிக்ஸின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. 1938-இல் சூப்பர்மேன் வந்தார். 1940-இல் வந்த கேப்டன் மார்வெல், 'ஷசாம்' என்று ஒரு சொல்லைக் கூவினால் சிறுவனிலிருந்து மாவீரனாக மாறுவார். அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துகள் ஆறும் ஆறு பெயர்களின் முதலெழுத்துகள்: சாலமனின் ஞானம், ஹெர்குலிஸின் வலு, அட்லஸின் தாங்கும் திறன், ஜீயஸின் ஆற்றல், அகிலிஸின் துணிவு, மெர்க்குரியின் வேகம். விவிலியத்தின் அரசரும் கிரேக்க, ரோமானிய தெய்வங்களும் ஒரே சீட்டில் கையெழுத்திட்டது போல. 1941-இல் வந்த வொண்டர் வுமன், ஹிப்போலிட்டா அரசி களிமண்ணில் பிடித்து, தெய்வங்கள் உயிர் கொடுத்த குழந்தை. தாய் தன் கையாலேயே பிடித்து வைத்த குழந்தை என்றதும் நமக்குப் பிள்ளையார் நினைவுக்கு வருவார்.

ஆனால் என் கேள்விக்கு நெருக்கமானவர் தோர். வட ஐரோப்பியர் கும்பிட்ட இடி தெய்வம். 1962-இல் அவரை மார்வெல் நிறுவனம் சூப்பர் ஹீரோவாக்கியது. கால் ஊனமான ஒரு மருத்துவர் குகைக்குள் கிடைத்த கைத்தடியைப் பாறையில் அடிக்கிறார். தடி சுத்தியலாகிறது, அவர் தோராகிறார். சுத்தியல் கையை விட்டு அகன்று 60 வினாடி ஆகிவிட்டால் மறுபடி மருத்துவராகிவிடுவார். பாருங்கள், பலவீனம் என்ற கட்டம் எவ்வளவு ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறது! என் அண்ணன் மகன் கைதட்டியிருப்பான். ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்ட, 'எட்டா' (Edda) என்று பெயர் கொண்ட பழங்கதை நூல்களில் இருக்கிற தோர் வேறு ஆள். அவருடைய தேரை இரண்டு ஆட்டுக்கடாக்கள் இழுக்கும். பசித்தால் அவற்றையே அறுத்துச் சமைத்துத் தான் தங்கிய ஏழை வீட்டாரோடு பகிர்ந்து உண்பார். மறுநாள் தோலையும் எலும்பையும் வைத்து உயிர்ப்பிப்பார். அந்த வீட்டுப் பையன் ஆசையில் ஓர் எலும்பை உடைத்துவிட்டான், கடா நொண்டிக்கொண்டே எழுந்தது. அரக்கன் சுத்தியலைத் திருடிக்கொண்டு போனபோது, மணப்பெண் வேடமிட்டு முகத்தை மூடிக்கொண்டு அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து மீட்டு வந்தார். உலகம் முடிகிற நாளில் பெரும் பாம்பைக் கொன்றுவிட்டு, அதன் நஞ்சு ஏறி, ஒன்பது அடி நடந்து விழுந்து இறப்பார். இத்தனையையும் விட்டுவிட்டு முதல் இதழ் எடுத்துக்கொண்டது சுத்தியலையும் இடியையும் மட்டும்தான். செந்தாடியைக்கூட மழித்துப் பொன்முடியாக்கிவிட்டார்கள். பகிர்ந்து உண்கிற, பெண் வேடமிடுகிற, சாகிற தெய்வத்தை இறக்கி வைத்துவிட்டு, அடிக்கிற தெய்வத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வலிப்பது இந்த இடம்தான். இதைப் பக்திக் குறைவு என்று சொல்ல மாட்டேன், கதைக் குறைவு என்பேன்.

அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும் ஒரு நாள் இந்தப் பையனின் சந்தேகம் வந்திருக்கிறது. சூப்பர்மேனின் பலத்தைக் குலைக்கிற கிரிப்டனைட் என்ற கல் தொடக்கத்தில் கிடையாது. 1943-இல் வானொலித் தொடரில்தான் அந்தக் கல் முதலில் வந்தது, காமிக்ஸ் பக்கத்துக்கு வர 1949 ஆயிற்று. எதுவும் தைக்காத உடம்பை வைத்துக்கொண்டு மாதாமாதம் கதை சொல்ல வேண்டியவர்களுக்கு அப்படி ஒரு பச்சைக் கல் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! ஆகவே அவன் கேட்ட கேள்வி அந்தக் கலைக்கே உரிய கேள்வி. அதற்குச் 'சாமிக்கு ஏது பலவீனம்' என்று நான் சொன்னது பதிலே இல்லை.

காலிக் கட்டத்தைச் சுற்றி

முதலில் நம் கதைகளில் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் சொல்லில் இருக்கிறது. இரணியன் பகலும் இரவும், உள்ளும் புறமும், மனிதனும் விலங்கும் என்று அடைத்துக்கொண்டே போகிறான். அந்தியும் வாயிற்படியும் நரசிம்மமும் அடைபடாமல் நிற்கின்றன. ராவணன் வரம் கேட்கும்போது மனிதனைப் பொருட்படுத்தவில்லை. தேவர்களைச் சொன்னவன் மனிதனைச் சொல்ல மறந்த அந்த ஒரு மூச்சு இடைவெளியில் ராமாயணம் முழுவதும் நுழைந்துகொள்கிறது. வாலியின் பலம் இன்றைய காமிக்ஸுக்கென்றே செய்தது போல இருக்கும்: எதிரே வருகிறவனின் வலிமையில் பாதி அவனுக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கதையின் உச்சம் அங்கே இல்லை. மறைந்து நின்று அம்பெய்த ராமனை, மார்பில் அம்போடு கிடந்து கேள்விமேல் கேள்வி கேட்கிறானே வாலி, அங்கே இருக்கிறது. அவன் வாயை அடைக்காமல் அத்தனை பாடல்கள் பேசவிட்ட கம்பனை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். விழுந்தவனுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற சூப்பர் ஹீரோ கதை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

முருகனுக்கு வள்ளி இருக்கிறாள் என்று தோன்றியது. வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்டார். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டார். யானையாக வந்த விநாயகரைக் கண்டு பயந்த வள்ளி கிழவரின் மேல் சாய்ந்தாள். தாரகனையும் சிங்கமுகனையும் வென்றவருக்குத் தினைப்புனத்தில் அண்ணன் துணை தேவைப்பட்டது. தொலைபேசியில் அவனை அழைத்து, பலவீனம் கிடைத்துவிட்டது, வள்ளி என்று எழுது என்றேன். அவன் ஏற்கவில்லை. "அண்ணன் கூப்பிட்டதும் வந்தார் என்றால் அது பலம்தானே, அத்தை?" என்றான். எனக்குத் தோன்றாத கோணம் அது. விநாயகரின் பெயரைத் துணை என்ற கட்டத்தில் சேர்த்துக்கொண்டான்.

அந்தப் பேச்சில் இன்னொன்றும் நடந்தது. சூரபத்மன் முடிவில் என்ன ஆனான் தெரியுமா என்று கேட்டேன். செத்துப்போனான் என்றான். கடல் நடுவே மாமரமாக நின்றான், வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மயிலாயிற்று, ஒரு பாதி சேவலாயிற்று, மயில் முருகனுக்கு வாகனம், சேவல் கொடி என்று சொன்னேன். மறுமுனையில் நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அப்போது எதிரியிலிருந்து அழித்துவிட்டுத் துணையில் எழுத வேண்டுமா?" வேண்டும் என்றேன். அழிக்காமல், எதிரிக் கட்டத்திலிருந்து துணைக் கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டதாகப் பிறகு காட்டினான். பேட்மேனின் எதிரியான ஜோக்கர் 1940-இல் வந்த தன் முதல் இதழிலேயே சாக வேண்டியவன். அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று கடைசி நேரத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள், அன்றிலிருந்து இன்றுவரை திரும்பித் திரும்பி வருகிறான். தொடருக்கு எதிரி தேவை, எனவே எதிரி எதிரியாகவே இருந்தாக வேண்டும். கந்தபுராணத்தில் அவன் முகம் மாறுகிறது. போரின் நடுவிலேயே முருகனின் பேருருவைக் கண்டு, 'பாலன் என்று இருந்தேன் அந்நாள்' என்று சூரன் உருகுகிற பாடல் வந்துவிடுகிறது. அதன் பிறகும் சண்டை போடுகிறான், அது வேறு. ஆனால் அந்த ஒரு கணம் அவனுக்குக் கிடைக்கிறது. 2014-இல் வெளிவந்த பிரியாஸ் சக்தி என்ற இந்தியக் காமிக்ஸில், பாலியல் வன்முறைக்கு ஆளான பிரியா காட்டில் தன்னைத் துரத்திய புலியையே தனக்கு ஊர்தியாக்கிக்கொள்வாள். பார்வதியின் அருள் அவளுக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு மயில் நினைவுக்கு வந்தது. வரைந்தவர்கள் அதை நினைத்தார்களோ இல்லையோ, புராணத்தின் நரம்பு அதில் ஓடுகிறது.

தெய்வத்தை வரையாத மரபிலிருந்தும் ஒரு வழி வந்திருக்கிறது. குவைத்தைச் சேர்ந்த நாயிஃப் அல் முதவா 2006-இல் 'தி 99' என்ற காமிக்ஸைத் தொடங்கினார். இறைவனின் 99 திருநாமங்களிலிருந்து பிறந்த யோசனை. இறைவனுக்கும் நபிகளுக்கும் அதில் உருவமில்லை. கொடை, வலிமை, ஒளி என்று ஒவ்வொரு பண்பும் உலகின் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஒரு சாதாரண இளைஞனிடமோ பெண்ணிடமோ இறங்கியிருக்கும். பண்பைப் பிரித்து மனிதரிடம் கொடுத்துவிட்டுத் தெய்வத்தைத் தொடாமல் விடுவது. இது எனக்குப் பிடித்தது. ஆனால் நம்முடைய தெய்வங்கள் தொடப்படாமல் நிற்கிறவர்கள் இல்லையே. வந்து வாசலில் நிற்கிறவர்கள், கூலி கேட்கிறவர்கள்.

பிரம்பு உடையக்கூடாது

அடுத்த விடுமுறைக்கு அவன் வந்தபோது பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்த கதை, அவனுக்கு மட்டும் தெரியாது. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை, பிட்டு அவித்து விற்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருகிறார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்கிறார். மண்ணைச் சுமக்கிறார், கொட்டுகிறார், ஆடுகிறார், பாடுகிறார், படுத்துத் தூங்குகிறார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் நிற்கிறது. அரசன் பொற்பிரம்பால் முதுகில் ஓங்கி அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகில் விழுகிறது, அரசியர் முதுகில் விழுகிறது, அமைச்சர், படைவீரர், யானை, குதிரை, பறவை, கருவில் இருந்த சிசு வரை எல்லார் முதுகிலும் விழுகிறது. ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டுக் கூலியாள் மறைந்துபோகிறார்.

சூப்பர்மேன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது தன்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. வந்தி வீட்டு வாசலில் நின்ற கூலியாளும் வேடம் போட்டவர்தான். ஆனால் அவர் பிடிபடுவதற்காகவே வந்தவர். வேலையைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. தூங்கினார், அடி வாங்கினார், அதனால் தெரிந்தது. இதை அவனிடம் சொன்னபோது அவன் கேட்டுக்கொண்டே பென்சில் சீவிக்கொண்டிருந்தான். வரையப் போகிறான் என்று தெரிந்தது.

எப்படி வரைவது என்று இருவரும் உட்கார்ந்தோம். நான் சொன்ன யோசனையை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே படமாகப் போடு, பிரம்பு அவர் முதுகில் பட்டதும் நான்காக உடைந்து சிதறட்டும், சுற்றிலும் ஒளிக்கீற்று வரட்டும் என்றேன். இத்தனை நாள் தசையைப் பற்றியும் சிற்பத்தைப் பற்றியும் அவ்வளவு யோசித்த என் மனத்தில் தானாக எழுந்த படம் அதுதான்: குண்டு பட்டுத் தெறிக்கிற மார்பு. அவன் அப்படியே வரைந்தான். முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "பிரம்பு உடைந்துவிட்டால் ராஜாவுக்கு வலிக்காதே, அத்தை."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாணிக்கவாசகரின் திருவம்மானை எனக்குச் சிறுவயதிலிருந்து பாடம். 'மண் சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண் சுமந்த பொன்மேனி பாடுதும் காண் அம்மானாய்.' எத்தனையோ முறை பாடிய வரி. புண் சுமந்த பொன்மேனி என்றுதானே சொல்கிறார், புண் தெறித்த பொன்மேனி என்று சொல்லவில்லையே. அந்த உடம்பில் அடி பட்டது, தங்கியது, உள்ளே போயிற்று. உள்ளே போனதால்தான் எல்லாருக்கும் பரவியது. தைக்காத உடம்பாக இருந்தால் அடி அங்கேயே நின்றுபோயிருக்கும், பாண்டியன் பிரம்பை மாற்றிக்கொண்டு மறுபடி ஓங்கியிருப்பான். கச்சியப்பரின் கதை எதன்மேல் நிற்கிறது என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்தக் கேள்விக்கும் இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. சூரனும் அங்கே வெளியே நிற்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் உள்ளே சேர்ந்துவிட்டான்.

அவன் புதிய பக்கம் திருப்பினான். ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டு கட்டங்கள் கிழித்தான், நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முதுகு. முதல் கட்டத்தில் கூலியாள், தலையில் கூடை. பிறகு கிரீடம் வைத்த ராஜா, ராணி, அமைச்சர், யானை, குதிரை மேல் வீரன், மீன் கொத்தப் போகும் பறவை, தொட்டிலில் குப்புறப் படுத்த குழந்தை, ஒரு நாய், ஒரு மரம், சூரியன். சூரியனுக்கு முதுகு எப்படி வரைவது என்று நெடுநேரம் தவித்துக் கடைசியில் ஒரு பக்கத்தைக் கருமையாக்கினான். பன்னிரண்டாவது கட்டத்தில் மூக்குக்கண்ணாடி தெரிய ஒரு பையன் நோட்டின்மேல் குனிந்திருந்தான். யார் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தான். ஒவ்வொரு முதுகிலும் தனித்தனியாகத் தழும்பு போடப் போகிறான் என்று நினைத்தேன். முதல் வரிசையில் கூலியாளின் முதுகில் தொடங்கி, கட்டத்தின் கோட்டைத் தாண்டி, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விட்டிருந்த வெள்ளை இடைவெளியையும் தாண்டி, அடுத்த முதுகு, அதற்கடுத்த முதுகு என்று கையை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்தான். வரிசை முடிந்ததும் ஓரத்தில் வளைந்து அடுத்த வரிசைக்குள் இறங்கினான். காமிக்ஸில் அந்த வெள்ளை இடைவெளியில் யாரும் எதையும் வரைவதில்லை. ஒரு கணத்துக்கும் மறு கணத்துக்கும் நடுவே நடப்பதைப் படிப்பவர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்கிற இடம் அது. அந்த இடத்திலும் அடி விழுந்திருந்தது. இந்தக் கதையைச் சொல்லும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணப் படலத்தைப் பலமுறை படித்தவள்தான் நான். எல்லார் மேலும் விழுந்தது என்ற சொற்களை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் கலையால் முடியாதது என்று நான் நினைத்திருந்ததை அந்தக் கலை அன்று என் முன்னால் செய்தது. கட்டமும் இடைவெளியும் கோடும் சூப்பர் ஹீரோக்களுக்குச் சொந்தமானவை இல்லை. ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகா 1972 முதல் 1983 வரை புத்தரின் வாழ்க்கையை அதே கட்டங்களுக்குள்தான் சொல்லி முடித்தார். தோரிடமிருந்து ஆடுகளையும் மணப்பெண் முக்காட்டையும் பறித்த குற்றத்தை நான் இத்தனை நாள் காமிக்ஸ் முழுவதன்மேலும் சுமத்தியிருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பிக் கேட்டான்: "பாட்டி, அவருக்கு வலித்திருக்குமா?" சாமிக்கு ஏது வலி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அம்மா படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலித்திருக்கும். வலிக்காமல் எங்காவது புண் வருமா, கண்ணா?" என்றார்.

கதை முடிந்தாலும் அவனுக்கு அட்டவணை வேண்டும். வழக்கத்துக்கு மாறாக இந்த முறை கதைக்குப் பிறகு போட்டான். பெயர் என்ற இடத்தில் சிவன் என்று எழுதப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். வந்தி என்று எழுதினான். பலம்: பிட்டு. ஆயுதம் என்ற இடத்தில் பானை ஒன்றை வரைந்தான். எதிரி என்ற கட்டத்தில் ராஜா என்று எழுதி, சூரனின் அம்புக்குறியை நினைத்தானோ என்னவோ, அடித்துவிட்டு வெள்ளம் என்று மாற்றினான். துணையைக் காலியாக விட்டு நேரே பலவீனத்துக்குப் போனான். இந்த முறை அவன் என்னிடம் கேட்கவில்லை. 'ஆள் இல்லை' என்று எழுதினான். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மேலே போய், காலியாக விட்டிருந்த துணைக் கட்டத்தில் சிறிய எழுத்தில் 'வந்தார்' என்று எழுதிவிட்டு, சாப்பிட எழுந்து போனான்.